வலது பாதி

செப்டம்பர் 6

கப்பல்காரிக்கு,

சாட்டிலைட் போனில் இனிமேல் கூப்பிட மாட்டேன். நேற்று நான் கத்தியது கேப்டன் முதல் சமையல்காரர் வரை கேட்டது என்றாய். கேட்கட்டும். நீ பட்டென்று போனை வைத்தாயே, அது இங்கே கன்ட்ரோல் ரூமில் இருந்த நாலு பேருக்கும் கேட்டது. அதனால்தான் கடிதம். செவ்வாயும் வெள்ளியும் சப்ளை படகு வருகிறது. டெஸ்ட் ரிப்போர்ட் போகும் உறையிலேயே இதையும் வைக்கிறேன்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நேராகவே கேட்கிறேன். நாலு நாள் ஒரே டென்டுக்குள் அந்த ஆளோடு என்ன பேசுகிறாய்?

அந்த டென்ட் எனக்குத் தெரியாததா? மூன்று வருடம் உன்னோடு அதில் உட்கார்ந்தவன் நான். தூசி நுழையாமல் ஜிப் போட்டு மூடி, கடலடி மின்கேபிளின் இரண்டு முனைகளையும் நடுவில் கொண்டுவந்து, ஆளுக்குப் பாதியாக ஜாயின்ட் போடுவோம். வாசலில் நின்று பார்த்தால் இடது பாதி நீ, வலது பாதி நான். அது ஒருநாளும் மாறியதில்லை. உரசி உரசிக் கண்ணாடி மாதிரி ஆக்குவோம். ஒரு துணியால் ஒரே தடவை, ஒரே திசையில் துடைத்துவிட்டுத் துணியைத் தூக்கிப் போடுவோம். முடிந்ததும் உன் பாதியை நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன், என் பாதியை நீ பார்ப்பாய். "பார்த்தேன், சரி" என்று எழுதி ஒருவர் பாதிக்கு மற்றவர் கையெழுத்துப் போடுவோம். கல்யாணத்துக்கு நாம் போட்டது ஒரே கையெழுத்து. அந்தத் தாள்களில் போட்டது நூற்றுக்கு மேல்.

சூடு பட்டு என் இரண்டு விரல் மரத்துப்போனது யார் குற்றமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முடி அளவு கீறலைத் தொட்டுச் சொல்லும் பரீட்சையில் நான் தோற்றேன். சரி. கரையில் உட்கார்ந்து நீங்கள் போடும் ஜாயின்டை டெஸ்ட் செய்கிறேன். அதுவும் சரி. ஆனால் என் இடத்தில் அந்த வெள்ளைக் கையுறை உட்கார்ந்திருப்பதைக் கம்பெனிப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் போட வேண்டுமா? டென்ட் வாசலில் நின்று எடுத்திருக்கிறார்கள். கேபிள் மேல் இரண்டு தலையும் முட்டாத குறை. அம்மா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். "என் மருமக எவ்வளவு அழகா வேலை செய்யறா பாருடா." தண்ணீர் எடுக்கப் போனால் அவன் முகம். பால் எடுக்கப் போனாலும் அவன் முகம்.

கேட்டதற்குப் பதில் எழுது.


செப்டம்பர் 9

அவசரத்துக்கு,

டென்டுக்குள் நாங்கள் பேசியதை உனக்காகவே எண்ணி வைத்தேன். முதல் நாள்: "துணி." "டார்ச்." "மணி என்ன?" இரண்டாம் நாள்: "துணி." மூன்றாம் நாள்தான் அவர் மனம் திறந்தார். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். நாலாம் நாள் மறுபடியும் துணி. முகமூடி போட்டுக்கொண்டு மூச்சுக்கூட அளந்து விடுகிற இடத்தில் வேறென்ன பேசுவதாம்? மூன்று வருடம் அங்கே ஓயாமல் பேசிய ஒரே ஆள் நீதான். அதற்காக இரண்டு தடவை ஈரப்பத அலாரம் அடித்ததை மறந்துவிட்டாயா?

வெளியே அவர் இன்னும் மோசம். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவார். மனிதர் இடதுகைக்காரர். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முழங்கை என் முழங்கையில் இடிக்கிறது. "மன்னிக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முப்பது மன்னிப்பு.

இரண்டாவது ஜாயின்ட் நேற்று முடிந்தது. நான் போட்டதிலேயே சுத்தமானது இதுதான். கை எங்கேயும் இழுபறியாக இல்லை, தானாகப் போனது. ஏன் என்று வந்து சொல்கிறேன்.

கேட்க மறந்ததை நான் கேட்கிறேன். பழைய கேபிள் எப்படி இருக்கிறது? பழைய இரண்டில் மூத்ததை வெட்டி எடுத்தாயிற்று. நாற்பத்தைந்து வயசான இளையது ஒன்றுதான் தீவு முழுவதையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்டோபர் பத்துக்கு மேல் கடல் எங்களை நிற்க விடாது. அதற்குள் மூன்றாவது ஜாயின்டும் முடிந்தாக வேண்டும்.

முடிந்தால் எனக்கு முதல் நிலை லைசென்ஸ். அது கையில் வந்தால் தீவின் கரைப் பராமரிப்பு வேலையைக் கேட்டு வாங்கலாம். புரிகிறதா? வீட்டிலிருந்து நடந்தே போகிற வேலை. இந்த ஆளோடு முட்டி மோதிக்கொண்டிருப்பது அதற்குத்தான், மடையா.

அத்தையிடம் படத்தைக் கிழிக்க விட வேண்டாம் என்று சொல். நீ கிழிப்பாய் என்று தெரியும்.


செப்டம்பர் 12

கப்பல்காரிக்கு,

முழங்கையா? நாற்பது பேர் சாப்பிடுகிற இடத்தில் அவனுக்கு வேறு நாற்காலியே இல்லையா? முப்பது மன்னிப்பு கேட்கிறவன் ஒரு தடவை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் தீர்ந்தது. இது உனக்குத் தோன்றவே இல்லை பார், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போகட்டும். வேலைக்கு வருகிறேன், இது முக்கியம். நேற்று டெஸ்ட் செய்தேன். கேபிளுக்குள் எங்கே மின்பொறி அடித்தாலும் அங்கிருந்து ஒரு துடிப்பு கரைக்கு ஓடிவரும். வந்த நேரத்தையும் அது ஓடும் வேகத்தையும் வைத்து இடத்தைக் கணக்குப் போடலாம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பொறி அடிக்கிறது. பதினாறு புள்ளி நாலு கிலோமீட்டர். உங்கள் இரண்டாவது ஜாயின்ட், அச்சுப் பிசகாமல் அதே இடம்.

கப்பல் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை அளக்கலாமா என்று அங்கே இருக்கும் தலைமைப் பொறியாளர் போனில் கேட்டார். காற்று ஏறுகிறது, ஒரு முனை போதும் என்றேன். திரையில் அவ்வளவு தெளிவாக இருந்தது. ரிப்போர்ட்டில் குறை இருக்கும் பாதியையும் குறிப்பிட்டிருக்கிறேன். வலது பாதி. நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதை உன் வெள்ளைக் கையுறை தெரிந்துகொள்ளட்டும். அவன் பாதியில் நீ போட்ட "பார்த்தேன், சரி"க்காக உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தலைமைப் பொறியாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே.

நேற்று அம்மா, "என்னடா இன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிடற?" என்றாள். பசித்தது, அவ்வளவுதான்.


செப்டம்பர் 16

டெஸ்ட் அதிகாரி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் கிடைத்தது. கப்பலை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்னுக்கு எடுத்து, இரண்டாவது ஜாயின்டைத் தூக்கி வெட்டச் சொல்லிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் மாற்றுத் துண்டு வைத்தால் ஒரு ஜாயின்டுக்குப் பதில் இரண்டு போட வேண்டும். எட்டு நாள் போகும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கருவி இருபது மீட்டர் முன்பின்னாகத்தான் இடம் காட்டும். ஜாயின்டின் நீளம் இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டருக்குள் வலது பாதி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுத்தாள் உங்களுக்கு வந்த உறையில்தான் இருந்தது, மூன்றாம் பக்கம். திருப்பியிருந்தால் பார்த்திருப்பீர்கள். இடதுகைக்காரருக்கு இடது பாதிதான் வாகு. அதனால் இந்தக் கப்பலில் முதல் ஜாயின்டிலிருந்தே வலது பாதியில் உட்காருவது நான். மூன்று வருடம் உங்களோடு வேலை செய்தபோது வலப்பக்கத்தை நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. வலதுகைக்காரி நான் கையை மடக்கி மடக்கி இடப்பக்கத்தில் வேலை செய்தேன். முதல் தடவையாகக் கை மடக்காமல் போட்ட ஜாயின்ட் அது. அதைத்தான் வந்து சொல்கிறேன் என்றேன்.

என்னை டென்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை லைசென்ஸ் முடக்கம். இனி அவரோடு வேறு ஆள் உட்காருவார். நான் வெளியே நின்று துணி எண்ணிக் கொடுக்க வேண்டும்.

அத்தையிடம் நலம் என்று சொல்லுங்கள்.


செப்டம்பர் 18

நீ என்னை நீங்கள் என்று எழுத வேண்டியதில்லை. அம்மா முன்னால் மட்டும் நீங்கள், டென்டுக்குள் நீ. அதுதானே நம் ஏற்பாடு.

இடம் மாறியதை ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? முழங்கையை எழுதத் தெரிந்தது, இதை எழுதத் தெரியவில்லையா? எந்தப் பாதியாக இருந்தாலும் பொறி பொறிதான். நான் கண்ணால் பார்த்தேன். நீயே ஆனாலும் தவறு நடக்கும். நான் சட்டப்படி...

செப்டம்பர் 19, அதே கடிதம்.

நேற்று முடிக்க முடியவில்லை. இளைய கேபிளுக்குள் இருக்கும் எண்ணெயின் பிரஷர் இறங்கியது. எங்கோ கசிகிறது. பாரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். தீவைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, நாலு மணி நேரம் இவர்களுக்கு, நாலு மணி நேரம் அவர்களுக்கு என்று கரன்ட் விடுகிறோம். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடுகிறது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புது கேபிள் இந்த மாசம் வந்துடும்னியே, என்னாச்சு?"

"தாமதம்மா."

"யாரால?"

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் அந்தப் படம். அவன் இடப்பக்கம். நீ வலப்பக்கம். வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மூன்று வாரமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அவனை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உன் பக்கம் கண் போகவே இல்லை.

சாப்பிடாமல் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து கருவியை உட்கார்ந்து பார்த்தேன். துடிப்பின் வேகம் மைக்ரோ செகண்டுக்கு 155 மீட்டர் என்று இருந்தது. அது பழைய எண்ணெய்க் கேபிளின் எண். மூத்ததை வெட்டுவதற்கு முன்னால் அளந்தபோது நான்தான் வைத்தேன். புது கேபிளுக்கு 170. மாற்றவில்லை. மாற்றிக் கணக்குப் போட்டேன். பொறி அடித்தது பதினெட்டாவது கிலோமீட்டரில். பதினெட்டில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். கப்பலின் மேல்தளத்தில் இருந்த கேபிள் முனை, அதில் டெஸ்டுக்காக மாட்டிய தற்காலிக மூடி. கழற்றித் தூக்கிப் போடுகிற மூடி.

ஜாயின்டில் ஒன்றுமே இல்லை.

திரையை இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் கேபிள் அங்கேயே முடிந்துவிடுவது தெரிந்திருக்கும். பதினெட்டில் முடிய வேண்டிய கேபிள் பதினாறரையில் எப்படி முடியும் என்று முதல் வருடப் பையன்கூடக் கேட்பான். நான் நகர்த்தவில்லை. பதினாறு புள்ளி நாலு என்று பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்பாய். தெரிந்து செய்யவில்லை. ஆனால் வந்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் சரிபார்க்கவில்லை. இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

படகுக்காகக் காத்திருக்காமல் போனில் தலைமைப் பொறியாளரிடம் அளவு தப்பு என்று சொல்லிவிட்டேன். வெட்டுவதை நிறுத்த முடியுமா என்றேன். காலையிலேயே வெட்டியாயிற்று என்றார்.


செப்டம்பர் 23

வெட்டிய ஜாயின்டை மேசையில் வைத்து நீளவாக்கில் பிளந்தோம். நானும் நின்றேன். இடதுகைக்காரர் தன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். என் பாதியை நானே பார்க்கட்டும் என்றார். ஒரு புள்ளி இல்லை. ஒரு கீறல் இல்லை. அவ்வளவு அழகான வேலையை நான் இனி எப்போது செய்வேன் என்று தெரியவில்லை. அதை இரண்டாகப் பிளந்து குப்பைத் தொட்டியில் போட்டோம்.

உன் போன் செய்தி வந்தது. "வேகத்தின் எண் மாற்றப்படவில்லை, கருவி அமைப்பில் பிழை." அவ்வளவுதான் இங்கே தாளில் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் வாசித்துவிட்டுக் கேட்டார்: "இடம் தப்பு, சரி. அப்ப இந்த வலது பாதி எங்கிருந்து வந்தது? ஏதாவது தெரியாமலா எழுதியிருப்பார்?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்வேன்? என் புருஷனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் மேல் பொறாமை, அந்தப் பக்கம் உட்கார்ந்தது நான் என்று சொல்வதா?

அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் இருக்கும்வரை என் லைசென்ஸ் திரும்பாது. உள்ளே ஏதோ இருந்தது, கட்டிய புருஷன் இப்போது மறைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். எண்ணை மாற்ற மறந்ததைக் கருவி மேல் போடலாம். "வலது பாதி"யை எந்தக் கருவியும் சொல்லவில்லை, நீ சொன்னாய். ஏன் சொன்னாய் என்பதை நீதான் எழுத வேண்டும், அவர்களுக்கு, எனக்கு இல்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும்.

எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். விரல் போன பிறகு உனக்கு மிஞ்சியது அந்தக் கருவி ஒன்றுதான். அதனால் எழுது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதாவிட்டால் கரை வேலைக்கு நான் விண்ணப்பிக்க முடியாது. அதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு தமாஷ். பிரித்து வைக்க நினைத்தாய். உன் புண்ணியத்தில் அவருக்குக் கூடுதலாக எட்டு நாள் டென்ட். எனக்கு வெளியே வெயில்.


செப்டம்பர் 26

தலைமைப் பொறியாளருக்கு அனுப்பியதன் நகல் இது. நாலு தடவை கிழித்து எழுதினேன்.

"ரிப்போர்ட்டில் 'வலது பாதி' என்று எழுதியதற்கு எந்த அளவீடும் ஆதாரம் இல்லை. வலப்பக்கம் முன்பு நான் உட்கார்ந்த இடம். அங்கே இப்போது வேறொரு ஜாயின்டர் உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் மேல் இருந்த பொறாமையால் எழுதினேன். பதிவுத்தாளைப் படிக்கவில்லை. ஜாயின்டிலும் அதைப் போட்ட இருவரிடமும் குறை எதுவும் இல்லை."

கன்ட்ரோல் ரூமில் இருந்த நாலு பேருக்கும் நகல் போயிற்று, விதி அப்படி. அதில் ஒருவர் டீ வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் ஓவர்தான் தம்பி" என்றார்.

ஆறு மாதம் டெஸ்ட் கருவியைத் தொடவிட மாட்டார்கள். இப்போது எண்ணெய் டிரம் உருட்டுகிறேன். இளைய கேபிள் கசிய விடும் அளவுக்கு எண்ணெயைத் தொட்டியில் ஊற்றி ஊற்றிப் பிரஷரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு மரத்துப்போன விரல் போதும். ஊரையே இருட்டில் வைத்தவன்தானே, உருட்டட்டும் என்று எனக்கே தோன்றுகிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அவ கை மடக்கி வேலை செஞ்சா மூணு வருஷம். உனக்குத் தெரியவே இல்லையா?" என்றாள். வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை.

தெரியவில்லை. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். வேலை அலுப்பு என்று நினைத்தேன்.


அக்டோபர் 10

அவசரத்துக்கு,

மூன்றாவது ஜாயின்ட் நேற்று முன்தினம் முடிந்தது. முடக்கத்தை நீக்கி என்னை உள்ளே விட்டார்கள். வலது பாதி நான். இரண்டு முனையிலிருந்தும் அளந்தார்கள், வேகம் 170 என்று நாலு பேர் சத்தமாகப் படித்த பிறகு. இனி இந்தக் கம்பெனியில் அது ஒரு சடங்காகவே ஆகிவிடும் போலிருக்கிறது, உன் பெயரைச் சொல்லி.

இன்று காலை பத்து மணிக்குப் புது கேபிளில் பாரம் ஏற்றினார்கள். நீ ஸ்டேஷனில் டிரம்மோடு நின்றிருப்பாய். இளையதன் பாரம் பூஜ்யத்துக்கு இறங்கியதை நீதான் முதலில் பார்த்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் மின்விசிறி சுற்றுகிறதா?

லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் நிலை.

நீ எழுதியதை அவர் வாசித்தார். முகமூடியை இறக்கிவிட்டு, "என் மேலயா?" என்றார். நம்பவே முடியவில்லை அவருக்கு. பிறகு அன்று முழுக்க யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நிமிர்ந்து சாப்பிட்டார். உன்னால் அவருக்காவது ஒரு நன்மை.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று எண்ணாதே. பிளந்து கிடந்த அந்த ஜாயின்ட் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேரில் வந்து திட்ட நிறைய வைத்திருக்கிறேன்.

கரைப் பராமரிப்பு வேலைக்கான விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே ஜாயின்டர் ஒரே ஆள்தான். எதிரில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட இன்னொருவர் வேண்டும். அதற்கு விரல் தேவையில்லை, கண் இருந்தால் போதும். உன் ஆறு மாதம் முடியும்வரை யாரையாவது வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நிரப்ப வேண்டியதை நிரப்பிவிட்டேன். படித்துவிட்டு ஸ்டேஷனில் கொடு.

மொத்தம் மூன்று பக்கம்.


அக்டோபர் 13

கப்பல்காரிக்கு,

விசிறி சுற்றுகிறது. அம்மா அதன் கீழேயிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

முதல் பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கம் படித்தேன். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, உட்கார்ந்து, மேலிருந்து கீழ்வரை படித்தேன். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். கீழே பரிந்துரைப்பவர் கையெழுத்து அந்த வெள்ளைக் கையுறையுடையது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. வயிறு கொஞ்சம் எரிந்தது. கொஞ்சம்தான்.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்துக்கு மேல் எழுத வேண்டியதையும் எழுதினேன்.

பார்த்தேன், சரி.